குழந்தைகளோடு கியர் சைக்கிளில் கிரிவலம்: முழுமையான வழிகாட்டி

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. முழுவதும் தார்ச்சாலை. சொல்லும்படியான ஏற்றம் கிடையாது, வழியெங்கும் குடிக்க ஏதாவது கிடைக்கும். ஒன்பது பத்து வயதுப் பிள்ளை தன் சைக்கிளிலேயே சுற்றி முடித்துவிடலாம். நடந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். சைக்கிளில், வழியில் உள்ள எட்டு லிங்கங்களிலும் நின்று, காலை டிபனும் சாப்பிட்டு, மூன்று மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரக் குடும்பங்களைப் பல முறை இப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பாதி வழியில் சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டி வந்ததும் உண்டு. யோசித்துப் பார்த்தால் அப்போதெல்லாம் குழந்தைகளுக்குத் தெம்பு இல்லாமல் போகவில்லை. நாங்கள் கிளம்பிய நாளோ, நேரமோ, இடமோதான் தவறாக இருந்தது. அதனால் இங்கே எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிவலம் என்பது நடப்பவர்களின் வழி. சைக்கிளில் போவதை யாரும் தடுப்பதில்லை, ஆனால் வழி விட வேண்டியது எப்போதும் நாம்தான். இதைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

பௌர்ணமி அன்று சைக்கிள் வேண்டாம். லட்சக்கணக்கில் மக்கள் நடக்கும் நாள் அது, வண்டிகளையும் விட மாட்டார்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, காலண்டரில் பௌர்ணமி என்று போட்ட தேதியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த நாள் வருவது. பௌர்ணமித் திதி பெரும்பாலும் இரண்டு தேதிகளில் பரவியிருக்கும். திதி தொடங்குவதிலிருந்து முடியும் வரை மக்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். காலண்டரில் திதி தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் பார்த்து, அந்த இரண்டு தேதிகளையும் அதற்கு மறுநாள் காலையையும் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் தொன்னையும் இலையும் சிந்திய சாப்பாடும் சாலையில் கிடக்கும், துப்புரவு வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை சைக்கிள் வழுக்க அது போதும்.

கார்த்திகை தீபத் திருவிழாவின் பத்து நாட்கள், சித்ரா பௌர்ணமி, மகா சிவராத்திரி, ஆங்கிலப் புத்தாண்டு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். சனி, ஞாயிறில் போக முடியாது என்றில்லை. ஆனால் பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாயோ புதனோ அமைந்தால் சாலை பாதி காலியாக இருக்கும்.

மார்கழி, தை, மாசிதான் நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே தார் சுட ஆரம்பித்துவிடும். ஐப்பசி மழையில் சாலை ஓரத்தில் தண்ணீர் நின்று பள்ளத்தை மறைத்துவிடும். முந்தின இரவு நல்ல மழை என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

2. யாருக்கு எந்தச் சைக்கிள் என்று முடிவு செய்யுங்கள்

தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள், அதாவது நம் பிள்ளைகள் கியர் சைக்கிள் என்று சொல்வது, இந்த வழிக்குப் பொருத்தமானது. வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட தாரும் சாலை ஓர மண்ணும் மாறி மாறி வரும். மெல்லிய டயரில் குழந்தையின் மணிக்கட்டு வலிக்கும்.

சைக்கிளின் அளவுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஆறிலிருந்து ஒன்பது வயதுக்கு 20 அங்குலச் சக்கரம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 24 அங்குலம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உயரம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும், ஏனென்றால் இந்த வழியில் பிள்ளை ஐம்பது இடத்திலாவது கால் ஊன்றி நிற்கும். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று வாங்கிய பெரிய சைக்கிளில் 14 கி.மீ. ஓட்ட வைக்காதீர்கள்.

சைடு வீல் போட்டு ஓட்டுகிற குழந்தைக்கு இது அதிகம். அவர்களைப் பெரியவர் சைக்கிளில், பெல்ட் உள்ள குழந்தை இருக்கையில் வையுங்கள். வெறும் கேரியரில் உட்கார வைத்தால் தூங்கி வழியும்போது கால் ஆரக்கம்பிக்குள் போய்விடும். இப்படி நடந்ததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ரமணாசிரமம் பக்கம் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். அது பெரியவர்களுக்குத்தான். குழந்தை அளவு கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், குழந்தையின் சைக்கிளைக் காரில் கொண்டு வந்துவிடுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றினால் பின்சீட்டிலேயே அடங்கும். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் கழன்றிருக்கும்போது தெரியாமல் பிரேக் லீவரைப் பிடித்துவிடக் கூடாது. எண்ணெயில் இயங்கும் டிஸ்க்காக இருந்தால் பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு, திரும்பச் சக்கரம் மாட்டும்போது நுழையாது. பேட்களுக்கு நடுவில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள்.

3. முந்தின நாள் மாலையே சைக்கிளைப் பாருங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கு சைக்கிள் கடை எதுவும் திறந்திருக்காது. அதனால்தான் முந்தின நாள்.

காற்று: டயரின் பக்கவாட்டில் எவ்வளவு வரை அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். தார்ச்சாலைக்கு 40 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் பெரியவருக்குச் சரியாக இருக்கும், குழந்தைக்கு 30 போதும். கல்லாக அடித்தால் வேகத்தடையில் தூக்கிப் போடும், குறைவாக இருந்தால் பிள்ளை இரு மடங்கு மிதிக்க வேண்டும். பெரும்பாலான கியர் சைக்கிளில் பைக் மாதிரி வால்வு இருக்கும், பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடிக்கலாம். ஆனால் அங்கே ஒரே அழுத்தில் வெடிக்கும் அளவுக்கு ஏறிவிடும். விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பிரேக்: எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். தள்ளிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். வாடகைச் சைக்கிளில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் முன் பிரேக்கைப் பின் பிரேக் என்று நினைத்து இறுக்குகிறவர்கள்தான் தலைக்குப்புற விழுகிறார்கள். குழந்தையின் விரல் லீவரை எட்டுகிறதா என்றும் பாருங்கள். லீவர் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகினால் அது கிட்டே வரும்.

செயின்: கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பிறகு துணியால் நன்றாகத் துடைப்பது. துடைக்காமல் விட்டால் மறுநாள் எல்லோர் பேண்டிலும் கறுப்புக் கோடு விழும்.

கியர்: முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தால் நடுவில் போட்டு, பிள்ளையிடம் முன் கியரைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின் கியர் மட்டும் போதும். இரண்டையும் போட்டு மாற்றுகிறபோதுதான் செயின் கழன்று விழுகிறது.

4. உடை, செருப்பு, பை

கிரிவலம் வெறுங்காலில் போவது வழக்கம். அதே பழக்கத்தில் வெறுங்காலோடு பெடல் மிதிக்க வருகிறவர்கள் நிறையப் பேர். இந்தச் சைக்கிள்களின் பெடலில் வழுக்காமல் இருக்கப் பல் பல்லாக வைத்திருப்பார்கள். அது உள்ளங்காலைக் குத்தும். சறுக்கினால் கணுக்காலைக் கிழிக்கும். ஹவாய் செருப்பும் உதவாது, பெடலிலிருந்து நழுவும். பின்பட்டை உள்ள செருப்புதான் சரி. எட்டு இடத்தில் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் கயிறு கட்டும் ஷூ வேண்டாம், நூல் அவிழ்ந்து செயினில் மாட்டும் பயமும் இருக்கிறது. வெறுங்காலில்தான் சுற்ற வேண்டும் என்ற எண்ணம் உள்ள பெரியவர்கள் அதற்கென்று இன்னொரு நாள் நடந்து வரலாம்.

வேட்டி, சேலை இரண்டும் செயினுக்கும் ஆரக்கம்பிக்கும் ஆகாது. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துவிடுங்கள். பேண்ட் போட்டவர்கள் வலது காலின் நுனியைச் சாக்ஸுக்குள் செருக வேண்டும், செயின் வலப்பக்கம்தான் ஓடுகிறது. ஹெல்மெட் எல்லோருக்கும் வேண்டும், பெரியவர்களுக்கும். அப்பா போடாத ஹெல்மெட்டை மகன் ஒரு கி.மீ.க்கு மேல் போட்டிருக்க மாட்டான்.

பையில் வேண்டியவை: ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், சக்கர அளவுக்குத் தகுந்த மாற்று டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவர் இரண்டு, கைப்பம்ப், நீளமான ஒரு பூட்டு, சின்னத் துண்டு, பிளாஸ்டர், சில்லறை. பூட்டு ஒன்றே போதும். எல்லாச் சைக்கிளையும் சேர்த்து வைத்து ஒரே சங்கிலியில் கோத்துவிடலாம், ஒவ்வொரு லிங்கத்திலும் நாலு சாவி தேட வேண்டாம்.

சாப்பிடும் பொருளை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். வாழைப்பழக் கவர் தொங்குகிற சைக்கிளைக் குரங்கு தூரத்திலிருந்தே பார்த்துவிடும். ஒரு முறை எங்களோடு வந்த சிறுமியின் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. அதன் பிறகு அவள் பயத்தில் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை, மிச்ச லிங்கங்களை எல்லாம் சாலையில் நின்றபடியே கும்பிட்டாள். எல்லாம் ஜிப் போட்ட பைக்குள், முதுகில்.

5. ஈசான்ய லிங்கத்தில் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

வழக்கமாக எல்லோரும் கிழக்கே ராஜகோபுரத்தில் தொடங்குவார்கள். நடப்பவர்களுக்கு அது சரி. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்தவர்கள் அங்கேயே தொடங்குவார்கள். சைக்கிளில், அதுவும் குழந்தைகளோடு என்றால், இரண்டிலும் ஒரே சிக்கல்: ஊருக்குள் ஓட்ட வேண்டிய பகுதி முழுவதுமோ அதில் ஒரு பங்கோ கடைசியில் வந்து மாட்டும். அப்போது மணி எட்டரை, ஒன்பது ஆகியிருக்கும். பள்ளி வேன், ஆட்டோ, பேருந்து எல்லாம் சாலையில். பிள்ளைகள் களைத்து, சைக்கிள் ஆடி ஆடிப் போகும் நேரமும் அதுதான்.

மலையை வலமாகச் சுற்றும்போது வடகிழக்கில் ஈசான்யம், கிழக்கில் இந்திர லிங்கமும் ராஜகோபுரமும், தென்கிழக்கில் அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன் என்று வரும். போக்குவரத்து நெரிசல் அதிகம் உள்ள பகுதி ஈசான்யத்திலிருந்து செங்கம் சாலைத் திருப்பம் வரைக்கும்தான். அதனால் ஈசான்ய லிங்கத்தில் தொடங்கினால் அந்த நெரிசல் பகுதி மொத்தமும் முதலிலேயே, ஊர் தூங்கி எழும் நேரத்தில் முடிந்துவிடும். மீதி எல்லாம் மர நிழலும் மலையும்தான். முடிவதும் ஊருக்குள் நுழையும் முன்பே முடியும்.

'கோயிலில் தொடங்காமல் எப்படி' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். என் அம்மாவும் கேட்டார். எந்த இடத்தில் தொடங்குகிறோமோ அதே இடத்தில் வந்து முடித்தால் சுற்று முழுமையாகும். அதோடு, தொடங்கிய சிறிது நேரத்திலேயே ராஜகோபுரத்துக்கு எதிரில் வந்துவிடுவோம். அங்கே இறங்கி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். அம்மா அப்படித்தான் சமாதானம் ஆனார்.

கிளம்பும் நேரம், வானம் வெளுக்கத் தொடங்கும்போது. தை மாதத்தில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வரும், ஆறு மணிக்குக் கிளம்புங்கள். மே மாதத்தில் ஐந்தே காலுக்கே சாலையில் இருக்க வேண்டும். முழு இருட்டில் வேண்டாம். தெருவிளக்கு உண்டு, ஆனாலும் வேகத்தடையும் நாயும் குழந்தை கண்ணுக்குத் தெரியாது. பின்னால் போகும் பெரியவர் சைக்கிளில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

6. வரிசையை அமையுங்கள்

வழி தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னால், குழந்தைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். முன்னால் போகிறவர் வேகத்தை வைக்கக் கூடாது, நடுவில் இருக்கும் மிகச் சிறிய குழந்தைதான் வைக்க வேண்டும். மணிக்கு எட்டு ஒன்பது கி.மீ. போனால் போதும். கடைசியில் வருகிறவர் குழந்தையை விட ஒரு கை அளவு வலப்பக்கமாக, சாலை நடுப் பக்கமாக ஓட்ட வேண்டும். பின்னால் வரும் வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு போகும்போது குழந்தையையும் தாண்டித்தான் திரும்பும்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், மலை வலப்பக்கம் இருக்கிறது. சித்தர்களும் தேவர்களும் மலையை ஒட்டி வலம் வருவதாக நம்பிக்கை, அதனால் மனிதர்கள் இடப்பக்கமே போவது மரபு. நமக்கும் அது வசதியாகிவிடுகிறது.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வலப்பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் சைக்கிளும் மெல்ல வலப்பக்கம் போகும். கண் போகும் பக்கம் ஹேண்டில்பார் போகும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். அந்தப் பக்கம்தான் வண்டிகள் வருகின்றன. அதனால் பிள்ளைகளுக்கு நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: மலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நின்று, கால் ஊன்றிப் பார்க்க வேண்டும். எத்தனை முறை நின்றாலும் யாரும் திட்ட மாட்டோம். மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வடிவம் காட்டும், நிற்கத்தான் தோன்றும். நிற்கட்டும்.

7. ஊருக்குள் நிற்காமல் கடந்துவிடுங்கள்

ஈசான்யத்திலிருந்து தேரடி வீதி வழியாக ராஜகோபுரம் வருகிறது. இந்திர லிங்கமும் அங்கேதான். இரண்டுக்கும் ஒரே நிறுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் இப்போது போக வேண்டாம். உள்ளே போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும், விடியலில் கிளம்பிய பலன் போய்விடும்.

கோபுரத்திலிருந்து ரமணாசிரமம் சுமார் 2 கி.மீ. அக்னி லிங்கம், சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் என்று வரிசையாக வரும். இது செங்கம் சாலை. செங்கம், பெங்களூர் பக்கம் போகும் பேருந்துகள் இந்த வழியில் வேகமாக வரும். ஓரத்தில் நிறுத்தியிருக்கும் ஆட்டோக்களும் கார்களும்தான் இங்கே தொந்தரவு. ஒவ்வொன்றுக்கும் வளைந்து உள்ளே போய் மறுபடி வெளியே வந்தால் பின்னால் வரும் ஓட்டுநருக்கு நாம் எங்கே போகிறோம் என்று தெரியாது. நிற்கும் வண்டிகளிலிருந்து ஒரு கதவு திறக்கும் தூரம் விட்டு நேர்கோட்டில் ஓட்டச் சொல்லுங்கள்.

காலை நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடி வந்தால் வேகமாக மிதிக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது.

8. செங்கம் சாலைத் திருப்பத்தில் இறங்கி நடங்கள்

எம லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரிகிறது. செங்கம் சாலை நேரே போய்விடும். 14 கி.மீ.யில் உண்மையிலேயே ஆபத்தான இடம் என்று நான் நினைப்பது இது ஒன்றுதான். வலது பக்கம் திரும்ப, பின்னால் வரும் பேருந்தையும் எதிரே வரும் லாரியையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையால் அது முடியாது.

முன்னால் போகிறவர் திருப்பத்துக்கு முன்பே இடப்பக்க ஓரத்தில் நிறுத்த வேண்டும். எல்லோரும் வந்து சேரட்டும். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு வரியாகக் கடக்க வேண்டும். அப்பா கடந்துவிட்டு அந்தப் பக்கம் நின்று 'வா வா' என்று கூப்பிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. குழந்தை வண்டியைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து ஓடி வரும்.

9. மேற்குப் பாதியை மெதுவாக அனுபவியுங்கள்

திரும்பியதும் சத்தம் குறைந்துவிடும். வலப்பக்கம் காப்புக்காடு, அவ்வப்போது மான்கள் தெரியும். இங்கே வண்டிகள் சேருவது பெரும்பாலும் இடப்பக்கத் தெருக்களிலிருந்துதான், அதனால் சந்திப்புகளில் இடப்பக்கம் பார்க்கப் பழக்குங்கள்.

நடப்பவர்களைத் தாண்டும்போது கவனம் வேண்டும். அவர்கள் மலையைப் பார்த்தபடி நடக்கிறார்கள். நந்தி இருக்கும் இடத்தில், சிகரம் தெரியும் இடத்தில், சட்டென்று நின்று வலப்பக்கம் திரும்பிக் கைகூப்புவார்கள். சிலர் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொள்வார்கள். நாம் அவர்களை வலப்பக்கமாகத்தான் தாண்டுகிறோம் என்பதால் நேராக நம் சக்கரத்துக்குள் வருவார்கள். பின்னால் போய் மணி அடிக்காதீர்கள். ஜபம் சொல்லிக்கொண்டு போகிறவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வார் என்று சொல்ல முடியாது. பத்தடிக்கு முன்பே 'சாமி, சைக்கிள் வருது' என்று மெதுவாகச் சொன்னால் அவர்களே ஒதுங்குவார்கள், சிலர் பிள்ளைகளைப் பார்த்து வாழ்த்தியும் அனுப்புவார்கள். கூட்டமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

சந்நிதி வலப்பக்கம் இருந்தால் சைக்கிளில் குறுக்கே போகாதீர்கள். இடப்பக்கம் நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்து கடந்து போங்கள். செருப்பைச் சைக்கிள் பக்கத்திலேயே விடலாம்.

பிள்ளைகள் கையில் எட்டுத் திசையும் எட்டு லிங்கமும் எழுதிய தாள் ஒன்றைக் கொடுங்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள், இப்போது சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திசையையும் சரிபார்ப்பார்கள். ஒரே எச்சரிக்கை: லிங்கங்களுக்கு இடையே உள்ள தூரம் சமமாக இல்லை. 'அடுத்தது இதோ வந்துவிட்டது' என்று சொல்லிவிட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாலை ஓர மண்ணில் இறங்கி ஓட்டப் பையன்களுக்கு ஆசை வரும். வேலிக்காத்தான் முள் அங்கேதான் கிடக்கும், தடித்த டயரையும் குத்திவிடும். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுவதும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டு, ஐந்து நிமிடத்தில் அதுவும் போனதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

மலைச் சைக்கிள்தானே என்று காட்டுக்குள் போகும் தடங்களில் திரும்பக் கூடாது. அது வனத்துறையின் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைய முடியாது.

10. ஆதி அண்ணாமலையில் சாப்பிடுங்கள்

சுற்றில் பாதிக்கு மேல் வந்ததும் ஆதி அண்ணாமலையார் கோயில். டிபனுக்கு இதுவே சரியான இடம். இதற்கு முன்னால் சாப்பிட்டால் கடைசிப் பகுதியில் மறுபடி பசி எடுக்கும், தள்ளிப்போட்டால் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள். கோயிலுக்குள் போய்விட்டு வந்து சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த பிறகு சைக்கிளை விட்டு இறங்கவே மனம் வராது.

இட்லி மூன்று நாலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பொங்கல், பூரி எல்லாம் சுற்றி முடித்த பிறகு. தாகத்துக்கு இளநீர், உப்புப் போட்ட மோர் நல்லது. அரை மணி நேரம் உட்காரலாம். கிளம்பும் முன் எல்லா டயரையும் கட்டை விரலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மெதுவாக இறங்கும் பஞ்சர் நிற்கும் நேரத்தில்தான் தெரியும்.

11. குபேர லிங்கத்திலிருந்து ஈசான்யம் வரை

வாயு லிங்கம் தாண்டியதும் வீடுகளும் கடைகளும் கூடிக்கொண்டே வரும். இங்கேதான் வெயிலும் ஏறும். குபேர லிங்கத்தில் எப்போதும் வரிசை நீளமாக இருக்கும். வரிசையில் ஒரு பெரியவர் போகட்டும், இன்னொருவர் சைக்கிளோடும் களைத்த குழந்தையோடும் நிழலில் இருக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பக்கத்தில் இடுக்குப் பிள்ளையார். பிள்ளைகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். படுத்து, ஒருக்களித்து, சின்னச் சந்துக்குள் தவழ்ந்து அந்தப் பக்கம் வர வேண்டும். ஹெல்மெட், முதுகுப்பை, இடுப்பில் கட்டிய துப்பட்டா எல்லாவற்றையும் வெளியே கழற்றிவிட்டு அனுப்புங்கள். முதுகுப்பையோடு நுழைந்து நடுவில் மாட்டிக்கொண்டு அழுத பையனை வெளியே எடுக்கச் சிறிது நேரம் ஆனது.

கடைசிப் பகுதியில் பிள்ளைகள் முந்திக்கொண்டு ஓட்டப் பார்ப்பார்கள். முடிகிறது என்று தெரிந்ததும் புதுத் தெம்பு வரும், கவனம் மட்டும் வராது. முன்னால் போகிறவர் இங்கே இன்னும் மெதுவாகப் போக வேண்டும். யாருக்காவது உண்மையிலேயே முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். தள்ளிக்கொண்டு வந்தாலும் கிரிவலம் கிரிவலம்தான்.

12. முடித்த பிறகு

ஈசான்ய லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு சைக்கிள்களை நேராகக் காரிலோ தங்குமிடத்திலோ சேர்த்துவிடுங்கள். கோயிலுக்குச் சைக்கிளோடு போனால் அத்தனையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். குளித்து, உடை மாற்றி, மதியம் நடை சாத்துவதற்குள் அண்ணாமலையாரைப் பார்த்துவிட நேரம் இருக்கும். கூட்டம் அதிகம் என்றால் மாலையில் போங்கள். பிள்ளைகள் மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்குவார்கள்.

செயினை ஒரு முறை துடைத்து வையுங்கள். அன்று இரவே 'அடுத்த முறை எப்போது' என்று கேட்பார்கள்.